மூன்று டப்பா வடிகட்டி

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் பின்தெருவில் அஞ்சுகத்தின் வீடு. கீழே குடித்தனம், மாடியில் மீன். நாற்பது தொட்டிகளுக்கு மேல் வைத்திருந்தாள். கடையில் வாங்கிய வடிகட்டி ஒன்றுகூட அங்கே கிடையாது. ஐஸ்கிரீம் டப்பா, பாதியாக வெட்டிய எண்ணெய் கேன், மூடி தொலைந்த பிஸ்கட் டப்பா என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் தொட்டிகளின் மேல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றிவிடும். அது டப்பா டப்பாவாகச் சொட்டி இறங்கி மறுபடி தொட்டிக்கே வந்து சேரும்.

மீன் வாங்க வந்தவர்களில் சிலர் மீன் வளர்க்கக் கற்றுக்கொள்ளவும் வந்தார்கள். அவள் யாரையும் வாருங்கள் என்று அழைத்ததில்லை. வந்தவர்களைப் போகச் சொன்னதும் இல்லை. வயது நாற்பத்திரண்டு. பேச்சு குறைவு.

ஒரு திங்கட்கிழமை காலை, சிவசைலம் ஐந்தாவது முறையாக அந்த மாடிப்படி ஏறினார். அவருக்கு அறுபத்தொரு வயது. படியின் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறவர்.

"ஒரு கோல்டு ஃபிஷ் வேணும்மா. ஆரஞ்சு நிறம். வாய்கிட்ட மட்டும் வெள்ளையா இருக்கணும். கட்டைவிரல் நீளம்."

"இல்ல சார்."

அவளுக்குப் பின்னால் இருந்த தொட்டியில் அப்படிப்பட்ட மீன்கள் முப்பதாவது நீந்திக்கொண்டிருந்தன.

"அதோ இருக்கே."

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

சிவசைலம் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். நாலு வாரமாக இங்கேதான் வாங்குகிறேன், ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். அஞ்சுகம் தலையை அசைத்தாள்.

"நாலு வாரத்துல நாலு மீன் வாங்கினீங்க. ஒவ்வொரு தடவையும் அடையாளம் சொல்லிக் கேட்டீங்க. அது செத்துப்போன மீனோட அடையாளம்தானே?"

ஆமாம் என்றார் அவர். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் ஓர் அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துடைத்து, நீராவியில் வேகவைத்து, ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை என்று முத்திரை குத்தி அனுப்பும் பிரிவு. அவர் அனுப்பிய கருவித் தட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது.

மீன்கள் அவர் மனைவி சொர்ணத்துடையவை. மொத்தம் ஏழு. மூன்று மாதத்துக்கு முன் சொர்ணத்தின் அக்காவுக்குத் தென்காசியில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. பதினைந்து நாளில் வருகிறேன் என்று போனவள் இன்னும் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. அக்கா இப்போது நன்றாக நடக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சொர்ணம் போன் செய்வாள். மீன் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாள். ஏழும் நன்றாக இருக்கிறது என்று இவர் சொல்வார். அந்த வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, ஒன்று செத்தால் அதே மாதிரி இன்னொன்றைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நேற்றுவரை தொட்டியில் இருந்த ஏழில் நான்கு கடை மீன். அந்த நான்கிலும் ஒன்று நேற்று மல்லாந்து செத்துவிட்டது.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றார் சிவசைலம். "எனக்கு ஒண்ணுமே புரியலை. ஏன் சாகுது?"

"அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொண்டாங்க."

மறுநாள் கொண்டுவந்தார். வெந்நீரில் போட்டு எடுத்த கண்ணாடிப் பாட்டிலில், மூடியின் மேல் துணி சுற்றி. அஞ்சுகம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தூசி துரும்பு இல்லை. முகர்ந்து பார்த்தாள். வாசனையும் இல்லை. ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி, மீன்காரர்கள் தண்ணீர் சோதிக்க வைத்திருக்கும் சொட்டு மருந்தை விட்டாள். ஐந்து நிமிடம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் மெல்ல மெல்லக் கரும்பச்சையாக மாறியது.

"இது என்னம்மா?"

"மீனோட கழிவு. கரைஞ்சு கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுலயேதான் அது மூச்சு விடுது."

சிவசைலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு தட்டு திரும்பி வந்ததுபோல இருந்தது.

"அப்ப நான் கழுவறது போதலை" என்றார்.

எப்படிக் கழுவுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் விவரமாகச் சொன்னார். மூன்று நாளுக்கு ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றிவிடுவார். கண்ணாடியைத் தேய்ப்பார். கூழாங்கற்களை வெந்நீரில் அலசுவார். கடையில் வாங்கிய வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார். தண்ணீர் மொத்தமும் புதிது. சொல்லச் சொல்ல அவர் குரலில் பழைய வேலையின் நிமிர்வு வந்துவிட்டது.

அஞ்சுகம் கடைசிவரை கேட்டாள்.

"வீட்டுல யாரும் எடுக்காத டப்பா மூணு கொண்டாங்க சார். பிளாஸ்டிக் டப்பா."

"எதுக்கு?"

"வடிகட்டி செய்ய."

அவர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய், காற்றுப் புகாத மூடி போட்ட புது டப்பாக்கள் மூன்று வாங்கிக்கொண்டு வந்தார். அஞ்சுகம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் இருப்பதைத்தானே கேட்டேன் என்றாள். புதுசு இன்னும் சுத்தமாக இருக்குமே என்றார் அவர். அவள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

வீட்டுப் பரணில் சொர்ணம் போட்டுவைத்த டப்பாக்கள் கிடந்தன. ஒரு ஐஸ்கிரீம் டப்பா. வடகம் போட்டு வைத்திருந்த ஒன்று. மஞ்சள்தூள் பட்டுப் பட்டு ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாகிப்போன ஒன்று. மூன்றையும் இரண்டு மணி நேரம் தேய்த்தார். மஞ்சள் மட்டும் போகவில்லை. மறுநாள் அஞ்சுகத்திடம் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஆணியைப் பழுக்கக் காய்ச்சி டப்பாக்களின் அடியில் துளை போடச் சொன்னாள். அவர் ஸ்கேல் வாங்கி, பேனாவால் புள்ளி வைத்து, ஒரே இடைவெளியில் வரிசையாகப் போட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. அடி டப்பாவில் கூழாங்கல் போடச் சொன்னாள். நடு டப்பாவில் உடைந்த ஓட்டுச் சில்லு. மேல் டப்பாவைக் காலியாக விடச் சொன்னாள்.

பிறகு தன் தொட்டி ஒன்றின் மேலிருந்த டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சில் பாதியைக் கத்தரித்து எடுத்தாள். அது பழுப்பாக இருந்தது. கொழகொழவென்று கையில் வழுக்கியது. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை அடித்தது. தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தாள்.

"இதை மேல் டப்பாவுல வெச்சிடுங்க."

சிவசைலம் பையை விரல் நுனியால் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது தொட்டி. தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். கழுவிக் கொடுக்க நேரம் இருந்திருக்காது. நல்ல மனசுக்காரி, தன்னுடையதில் பாதியை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். நாம்தான் கழுவிக்கொள்ள வேண்டும். இப்படி நினைத்து, சோப்புப் போட்டு மூன்று முறை கசக்கினார். பிறகு சோப்பு வாடை போகும்வரை கொதிக்கவைத்தார். ஒருநாள் முழுக்க வெயிலில் காயவைத்தார். ஸ்பாஞ்ச் பளிச்சென்று இளமஞ்சள் நிறத்துக்கு வந்தது. அதை மேல் டப்பாவில் வைத்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் மூன்று டப்பா வழியாக இறங்கும் சத்தம் வீட்டில் நிறைந்தது. அன்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறு நாளில் ஒரு மீன் செத்தது. அது சொர்ணத்தின் மீன். அன்று ஞாயிற்றுக்கிழமை. போனில் ஏழும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். தொட்டியில் ஐந்துதான் இருந்தன.

மறுநாள் மாடிக்குப் போனார். நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன் என்றார். அதற்குச் சாட்சியாக ஸ்பாஞ்சையே கையோடு கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி.

அஞ்சுகம் அந்த மஞ்சள் ஸ்பாஞ்சைப் புரட்டிப் பார்த்தாள்.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு."

"வெந்நீரா?"

"கொதிக்கவெச்சேன்."

அவள் எழுந்து போய், மீதமிருந்த பாதியிலிருந்து ஒரு துண்டு கத்தரித்துக்கொண்டு வந்தாள். அதே பழுப்பு. அதே கொழகொழப்பு.

"இது அழுக்கா இருக்கும்மா" என்றார் சிவசைலம்.

"ஆமா."

"அழுக்கு எப்படித் தண்ணியைச் சுத்தம் பண்ணும்?"

அஞ்சுகம் தரையில் உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள்.

"வீட்டுல தயிருக்கு என்ன செய்யறீங்க?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. இப்போது பாக்கெட் தயிர்தான் என்றார்.

"முன்னால?"

"அவ தோய்ப்பா."

"எப்படி?"

"பாலைக் காய்ச்சி ஆறவெச்சு, முந்தின நாள் தயிர் ஒரு கரண்டி..." சிவசைலம் நிறுத்தினார்.

"அந்த ஒரு கரண்டி இல்லாட்டி?"

"பால் கெட்டுப்போகும்."

"எவ்வளவு சுத்தமான பாலா இருந்தாலும்."

"ஆமா."

மீன் விடும் கழிவைத் தின்று தீர்க்கிற உயிர்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியாதவை, அவை இந்தக் கொழகொழப்பில்தான் குடியிருக்கின்றன என்று அஞ்சுகம் சொன்னாள். டப்பா எதுவானாலும் சரி, ஓட்டுச் சில்லு ஆனாலும் சரி, அவை ஒட்டிக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் என்றாள். மற்றபடி தண்ணீரைச் சுத்தம் செய்வது டப்பா இல்லை.

சிவசைலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக அந்தப் பெயர் தெரியாத உயிர்களைக் கொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நன்றாகக் கொன்றார் என்பதற்காகப் பிரிவு உபசார விழாவில் சால்வையும் போர்த்தினார்கள்.

"தயிருக்கு உறை வெச்சிருந்த கிண்ணம் ஒண்ணு இருந்தது" என்றார் மெதுவாக. "அவ கழுவமாட்டா. பிசுக்கா இருக்கும். ஒருநாள் நான் எடுத்துக் கொதிக்கவெச்சுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

அஞ்சுகம் புதுத் துண்டைப் பையில் போட்டு முடிச்சிட்டாள். ஆறு வாரம் இதைத் தொடக் கூடாது, கல்லைத் தொடக் கூடாது, கண்ணாடியைத் தேய்க்கக் கூடாது, குறைகிற தண்ணீரை மட்டும் ஊற்றலாம் என்றாள்.

"ஆறு வாரம் நான் என்ன பண்றது?"

"பாருங்க."

அவர் பார்த்தார். தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் தண்ணீர் கலங்கியது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, மீனே தெரியவில்லை. காலை ஏழு மணிக்கே அஞ்சுகத்துக்குப் போன் போட்டார். விடுங்கள், தானே தெளியும் என்றாள். வாளியும் பிரஷும் அவர் கால் பக்கத்தில் இருந்தன. கைகள் துறுதுறுத்தன. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் கலங்கல் தானாகவே அடங்கியது. அவர் எதுவுமே செய்யவில்லை. எது செய்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் டப்பாக்களின் ஓரத்தில் பச்சையாகப் பாசி பிடித்தது. அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மீன் சாகவில்லை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை அவர் மாடிக்குப் போனபோது, அஞ்சுகம் ஒரு பெரிய தொட்டியிலிருந்து செத்த மீன்களை வலையால் அள்ளிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த மீன்கள். வாளி நிரம்பிவிட்டது. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவரை வாங்க என்று சொல்ல மறந்துவிட்டாள். அள்ளி முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். அதன் மேலிருந்த டப்பாக்கள், கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் எடுத்து அதிலேயே போட்டாள்.

சிவசைலம் பதறிப்போய் அருகில் வந்தார்.

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா."

"இது நோய், சார்."

"அதுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர். இதுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர். எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"மீனைப் பார்த்தாத் தெரியும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரஷை எடுத்தார். தொட்டியின் மூலைகளை, மேல் விளிம்பின் உட்பக்கத்தை, டப்பாக்களின் ஒவ்வொரு துளையையும் தேய்த்தார். அவளுடைய வலைகளைக் கேட்டு வாங்கி அவற்றையும் ஊறப்போட்டார். இந்தத் தொட்டியில் நனைத்த கையால் அடுத்த தொட்டியைத் தொடாதீர்கள் என்று அவளுக்கே சொன்னார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மத்தியானம்வரை வேலை இருந்தது. முடிந்ததும் அஞ்சுகம் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாக் கழுவறீங்க, சார்."

அவர் அந்த வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது, சொர்ணத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"எனக்கு மீனைப் பத்தித்தான் தெரியும்" என்றாள் அஞ்சுகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மீன் எப்படி இருக்கிறது என்று சொர்ணம் கேட்டாள்.

"ஏழு இல்ல. அஞ்சுதான் இருக்கு. அதுலயும் ரெண்டுதான் உன்னோடது. மத்தது நான் வாங்கிப் போட்டது."

"எது ரெண்டு?"

"வால்ல கறுப்பு ஓரம் இருக்குமே, அது. அப்புறம் எப்பவும் அடியிலயே கிடக்கும்ல, அது."

"மத்ததை எதுக்கு வாங்கினீங்க?"

"நீ ஒவ்வொரு வாரமும் கேக்கறியே."

"நான் மீனையா கேட்டேன்?" என்றாள் சொர்ணம். பிறகு அக்கா கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டாள்.

சிவசைலம் இரவு முழுக்க அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் அஞ்சுகத்திடம் போய் அப்படியே ஒப்பித்தார். மீனைக் கேட்கவில்லை என்றால் வேறு எதைக் கேட்டாள் என்றார். அஞ்சுகம் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். கொண்டுவந்திருந்தார். இந்த முறை பாட்டிலைக் கொதிக்கவைக்கவில்லை. சொட்டு மருந்து விட்டாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் வெளிர்மஞ்சளாகவே நின்றது. பச்சை வரவில்லை.

"இனிமே மீன் கேட்டா உண்டு" என்றாள்.

அவர் மீன் வாங்கவில்லை. ஐந்து போதும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து சொர்ணம் வந்தாள். பெட்டியைக் கீழே வைத்ததும் தொட்டியிடம்தான் போனாள். தன் அடுக்களை டப்பாக்கள் பாசி பிடித்து நிற்பதையும், அவற்றின் வழியே தண்ணீர் இறங்குவதையும் பார்த்தாள். இதை நீங்களா இப்படி விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் சிரித்தாளா என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள்.

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அன்று சாயங்காலம் கேட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அங்க நான் வெச்ச டம்ளர் வெச்ச இடத்துல இருந்தது."

சிவசைலத்துக்கு இது விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தார். மறுநாளிலிருந்து வீட்டில் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். அடுக்களைப் பக்கமே போகவில்லை. அவள் கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவவில்லை. தான் குடித்த காபி டம்ளரைக்கூட நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியையும் தொடவில்லை. ஆறு வாரம் பத்து வாரமாகிவிட்டது. பதினொன்றும் ஆகிவிட்டது. இப்படியே இருந்தால் எல்லாம் தானே நடக்கும் என்று நம்பினார்.

பன்னிரண்டாவது வாரம் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் காலில் ஈரம் பட்டது. மேல் டப்பாவின் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கூடம் முழுக்கத் தண்ணீர். தொட்டியில் பாதிக்கு மேல் காலி. மீன்கள் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. சொர்ணம் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். அவர் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, உதவலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சொர்ணம் துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கீங்க. இதுக்கா நான் தென்காசியில இருந்து வந்தேன்?"

அவர் அடைத்துக்கொண்ட ஸ்பாஞ்சைப் பையில் போட்டார். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டார். அதையாவது சோதித்துப் பார்த்து என்ன செய்வது என்று அஞ்சுகம் சொல்லட்டும் என்று கொளத்தூருக்கு வந்தார். வெயிலில் நடந்ததில் சட்டை நனைந்திருந்தது. மாடியில் அஞ்சுகம் ஒரு புது டப்பாவில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

"கழுவினேன், செத்துது. தொடாதேன்னீங்க, தொடலை. இப்ப வீடெல்லாம் தண்ணி. அவகிட்டயும் அப்படித்தான். கழுவினேன், போயிட்டா. தொடாம இருந்தேன், அதுக்கும் கோபம். எனக்கு வயசு அறுபத்தொண்ணும்மா. இனிமே யார்கிட்டப் போய்க் கேக்கறது? கழுவணுமா, கூடாதா? ஒண்ணு சொல்லுங்க."

அஞ்சுகம் ஆணியைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்த இரண்டையும் வாங்கினாள். ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து, அவர் வீட்டுத் தொட்டியின் தண்ணீரை அதில் ஊற்றினாள். சோதனை செய்யவில்லை. ஸ்பாஞ்சை அதில் முக்கி ஒருமுறை பிழிந்தாள். தண்ணீர் காபி நிறத்துக்கு மாறியது. இன்னொரு முறை முக்கிப் பிழிந்தாள். ஸ்பாஞ்ச் அப்போதும் பழுப்பாகவே இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தடையில்லாமல் அடியில் இறங்கியது.

"அவ்வளவுதான்."

"இன்னும் அழுக்கு இருக்கே."

"இருக்கு."

"பக்கத்துலயே குழாய் இருக்கு. ஒரு தடவை காட்டினாப் பளிச்சுன்னு ஆயிடும்."

"ஆயிடும்" என்றாள் அஞ்சுகம். ஸ்பாஞ்சைப் பையில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள். "குழாய்த் தண்ணி வேண்டாம், சார், அதுல இருக்கற மருந்து அந்த உயிரையெல்லாம் கொன்னுடும். ஸ்பாஞ்சை அதோட தண்ணியிலயே அலசுங்க. தண்ணி இறங்கினாப் போதும்."

சிவசைலம் பையை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.